சிரிப்பைச் சுமந்த தட்டுகள்: பழைய நகைச்சுவை எல்பி சேகரிப்புக்கு ஓர் அறிமுகம்

1962 அக்டோபர் 22 இரவு, அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றி, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை நாட்டுக்கு அறிவித்தார். அதே இரவு நியூயார்க்கில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில், வான் மீடர் என்ற 26 வயது நடிகர் கென்னடியின் குரலையும் உச்சரிப்பையும் அச்சு அசலாகப் பிடித்துப் பேசி, எதிரே அமர்ந்திருந்தவர்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு 'தி ஃபர்ஸ்ட் ஃபேமிலி' என்ற எல்பி (லாங் பிளே, அதாவது நீண்ட நேரம் ஓடும்) தட்டாகக் கடைக்கு வந்தது. 75 லட்சம் பிரதிகள் விற்றன. 1963இல் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். தட்டை வெளியிட்ட கேடன்ஸ் நிறுவனம் அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. மீடரின் வாழ்க்கை அதன்பின் நிமிரவே இல்லை.

அமெரிக்காவில் பழைய பொருட்கள் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் இந்தத் தட்டு இன்றும் கண்ணில் படும். ஓரிரு டாலருக்கு வாங்கிவிடலாம். அத்தனை லட்சம் வீடுகளுக்குள் போன பொருள் அவ்வளவு சீக்கிரம் அழியாது. ஆனால் நகைச்சுவைத் தட்டு என்றால் என்ன, அதை ஏன் பாதுகாக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான். பாட்டை யாரும் மறுபடி பாடலாம். பத்துப் பேர் பத்து விதமாகப் பாடலாம். நகைச்சுவை அப்படி அல்ல. ஒரு நாள், ஓர் அறை, அங்கே கூடிய ஜனம், அன்றைய செய்தி எல்லாம் சேர்ந்துதான் அந்தச் சிரிப்பு பிறக்கிறது. ஆகவே எங்கே, எப்போது, யார் முன்னால் என்ற விவரம் தொலைந்துபோனால் தட்டில் பாதி தொலைந்த மாதிரி. பட்டியலிடும் வேலையைச் சேகரிப்பின் பின்னிணைப்பாக நான் நினைப்பதில்லை. சேகரிப்பே அதுதான் என்பது என் கட்சி.

மூன்று நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடத்துக்கு

ஒலிப்பதிவு தோன்றிய காலத்திலேயே நகைச்சுவைப் பதிவும் தோன்றிவிட்டது. கால் ஸ்டூவர்ட் என்பவர் 1890களிலேயே 'அங்கிள் ஜாஷ்' என்ற பட்டிக்காட்டு மனிதராக மெழுகு உருளைகளில் பேசினார். நகரத்துக்கு வந்து விழிக்கும் நாட்டுப்புறத்தான் கதைகள் அவை. பின்னர் தட்டு வந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 78 முறை சுற்றும் அந்தக் கனமான கறுப்புத் தட்டுகளின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. உலகச் சந்தைக்கு அந்த அரக்கில் பெரும் பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போனது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் பேசலாம். பன்னிரண்டு அங்குலம் என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் கதையை ஆரம்பித்து, வளர்த்து, சிரிக்கவைத்து முடித்தாக வேண்டும்.

அந்த அளவுக்குள் அமர்ந்த அருமையான வடிவம் ஒன்று உண்டு: தொலைபேசி. 1913இல் ஜோ ஹேமன் லண்டனில் பதிவு செய்த 'கோஹன் ஆன் த டெலிபோன்' தட்டில், உடைந்த ஆங்கிலம் பேசும் யூதக் குடியேறி ஒருவர் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, காற்றில் பிய்ந்துபோன ஜன்னல் கதவைப் பற்றிச் சொல்லப் பார்க்கிறார். எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்காது. அவர் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்பதை இவருடைய பதில்களிலிருந்தே நாம் ஊகிக்க வேண்டும். இந்தத் தட்டு பெரும் வெற்றி பெற்றது. பலர் இதையே திரும்பவும் பேசிப் பதிந்தார்கள்.

1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் எல்பியை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று, மெல்லிய பள்ளங்கள், வினைல் பிளாஸ்டிக், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல். நகைச்சுவையின் போக்கையே இது மாற்றிவிட்டது. மூன்று நிமிடத் துணுக்கு என்ற கட்டாயம் போய், இரவு விடுதி மேடையில் ஒருவர் நின்று நாற்பது நிமிடம் பேசுவதை முழுசாக வீட்டுக்கு எடுத்துவர முடிந்தது. ஷெல்லி பெர்மன் 1959இல் வெளியிட்ட தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. மைக் நிக்கல்ஸும் எலேன் மேயும் இரட்டையராகப் பேசிய தட்டுகள் வந்தன. மார்ட் சால் கையில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு அரசியல் பேசினார்.

எல்லாவற்றுக்கும் உச்சம் 1960. அதுவரை இரவு விடுதி மேடையே ஏறாத, கணக்கர் வேலை பார்த்த பாப் நியூஹார்ட்டை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரிலிருந்த டைட்லேண்ட்ஸ் என்ற விடுதிக்கு அழைத்துப்போய், பிப்ரவரி மாதம் பதிவு செய்தது. 'த பட்டன்-டவுன் மைண்ட் ஆஃப் பாப் நியூஹார்ட்' என்ற அந்தத் தட்டு அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த முதல் நகைச்சுவை ஆல்பம். பாடகர்களை எல்லாம் தாண்டி, ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியையும் வாங்கியது. அதில் நியூஹார்ட்டும் தொலைபேசியைத்தான் கையில் எடுக்கிறார். ஆபிரகாம் லிங்கனுக்கு விளம்பர நிறுவனத்து ஆள் ஒருவர் போன் செய்து யோசனை சொல்கிறார். நமக்குக் கேட்பது விளம்பரக்காரரின் குரல் மட்டும். லிங்கன் என்ன சொல்லியிருப்பார் என்பதை அந்த ஆள் மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் இடைவெளிகளில் நாமே நிரப்பிக்கொள்கிறோம். 1913க்கும் 1960க்கும் நடுவே இப்படி ஒரு கோடு ஓடுவதை, தட்டுகளை வடிவம் வாரியாக எழுதி வைத்திருப்பவர் உடனே கண்டுகொள்வார். பேர் வாரியாக மட்டும் அடுக்கியிருந்தால் ஹேமன் ஓர் அலமாரியிலும் நியூஹார்ட் வேறோர் அலமாரியிலும் இருப்பார்கள்.

ஒருவர் பேசிச் சிரிக்கவைப்பதைக் கேட்க மக்கள் ஏன் காசு கொடுத்துத் தட்டு வாங்கினார்கள் என்ற கேள்வி இன்றைய இளைஞர்களுக்கு எழும். அன்று ஒளிப்பதிவை வீட்டில் வைத்துப் பார்க்க வழியில்லை. தொலைக்காட்சியில் ஒரு தடவை வந்துபோனால் போனதுதான். அதோடு தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பேச முடியாத விஷயங்களைத் தட்டில் பேசலாம். லாஸ் ஏஞ்சலஸில் டூட்டோ என்ற சிறு நிறுவனம் நகைச்சுவைக் கலைஞர் ரெட் ஃபாக்ஸின் 'லாஃப் ஆஃப் த பார்ட்டி' தட்டுகளை 1950களின் நடுவிலிருந்து வெளியிட்டது. கறுப்பினத்தவர் நடத்திய நிறுவனம் அது. பல கடைகளில் இவற்றை மேசைக்கு அடியில் வைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பார்களாம். குழந்தைகள் தூங்கியபின் நண்பர்கள் கூடிக் கேட்பதால் 'பார்ட்டி ரெக்கார்டு' என்று பெயர். வெள்ளையர் தொலைக்காட்சி கதவைத் திறக்காத காலத்தில், கறுப்பின நகைச்சுவைக் கலைஞர்களின் குரலைக் காத்தவை பெரும்பாலும் இத்தகைய சிறு நிறுவனங்களின் தட்டுகளே. சிகாகோவின் செஸ் நிறுவனம், ப்ளூஸ் இசைக்குப் பேர்போனது, மாம்ஸ் மேப்லி, பிக்மீட் மார்க்கம் ஆகியோரின் தட்டுகளை வெளியிட்டது.

பார்க்காமல் கேட்டே சிரிப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. என்.எஸ். கிருஷ்ணனின் கிராமபோன் தட்டுகளும், திருவிழாப் பந்தல்களில் ஒலிபெருக்கியில் முழங்கிய திரைப்படக் கதைவசனத் தட்டுகளும், பிற்பாடு 1980களில் வீடுதோறும் ஓடிய மேடை நாடக கேசட்டுகளும் அந்த வகைதான். அவற்றைச் சேகரிப்பவர்களுக்கும் கீழே சொல்லும் முறைகள் அப்படியே பொருந்தும்.

எதை வாங்குவது

புதிதாக ஆரம்பிப்பவர்கள் முதலில் ஓர் எல்லை போட்டுக்கொள்வது நல்லது. 'நகைச்சுவை' என்று பொதுவாக இறங்கினால் அலமாரி ஆறே மாதத்தில் நிரம்பிவிடும். எதைத் தேடுகிறோம் என்பதும் மறந்துபோகும். ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம்: அமெரிக்க நகைச்சுவைத் தட்டு நிறுவனமான லாஃப் ரெக்கார்ட்ஸ் மட்டும், அல்லது பிரிட்டனின் பார்லஃபோன் நிறுவனத்தில் ஜார்ஜ் மார்ட்டின் தயாரித்த நகைச்சுவைத் தட்டுகள் மட்டும். பீட்டில்ஸுக்குக் கைகொடுப்பதற்கு முன் மார்ட்டின் பேர் வாங்கியது பீட்டர் செல்லர்ஸ் போன்றவர்களின் நகைச்சுவைத் தட்டுகளில்தான். செல்லர்ஸும் சோபியா லாரனும் 1960இல் பாடிய 'குட்னஸ் கிரேஷியஸ் மீ'யில் செல்லர்ஸ் இந்திய மருத்துவராக உச்சரிப்பை வளைத்துப் பேசுவதைக் கேட்கும் நமக்குச் சிரிப்போடு சங்கடமும் வரும். இரண்டும் பதிவில் இருக்கின்றன. இரண்டையும் குறித்துவைக்க வேண்டும். அல்லது ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்: தொலைபேசி உரையாடல், அரசியல் தலைவர்களைப் போல் பேசுவது, பகடிப் பாட்டு.

அரிதாகக் கிடைப்பது வேறு, புகழ்பெற்றது வேறு என்பதை 'ஃபர்ஸ்ட் ஃபேமிலி' காட்டிவிட்டது. நேர் எதிர்ப் பக்கத்துக்கு டாம் லேரர். ஹார்வர்டில் கணிதம் படித்த இவர், 1953இல் தாமே எழுதிய குறும்புப் பாடல்களைச் சொந்தச் செலவில் பதிவு செய்து, பத்து அங்குல எல்பியாக 400 பிரதிகள் மட்டும் அடித்து, பல்கலைக்கழக வளாகத்திலேயே விற்றார். பத்திரிகை விளம்பரம் கிடையாது; வானொலியும் ஒலிபரப்பத் தயங்கியது. வாய்வழிச் செய்தியிலேயே தட்டு நாடு முழுக்கப் பரவியது. அந்த ஆரம்பப் பிரதிகளுக்கு இருக்கும் மதிப்பு, பின்னால் வந்த லட்சக்கணக்கான பிரதிகளுக்கு இல்லை. 2025 ஜூலையில் தமது 97ஆம் வயதில் காலமான லேரர், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே தம் பாடல்களின் உரிமை அனைத்தையும் பொதுமக்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். சேகரிப்பாளர்கள் நன்றியோடு நினைக்கும் செயல் அது.

நான் மிகவும் மதிப்பது இன்னொரு வகையை. ஊர் பேர் தெரியாத விடுதியில் வாரா வாரம் பேசிய உள்ளூர்க் கலைஞர், சொந்தக் காசில் சில நூறு தட்டு அடித்து, நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் நின்று விற்றிருப்பார். பின் அட்டையில் கையெழுத்தும் போட்டிருப்பார். எந்த வரலாற்றிலும் அவர் பேர் இருக்காது. விலையும் பெரிதாக இருக்காது. ஆனால் அந்த நகரம், அந்த விடுதி, அங்கே எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு அந்தத் தட்டே சாட்சி.

நிலையைப் பார்ப்பது

பாட்டுத் தட்டில் லேசான கரகரப்பு இருந்தாலும் வாத்தியங்களின் ஓசையில் அது மறைந்துவிடும். பேச்சுத் தட்டில் மறைய இடமே இல்லை. நியூஹார்ட் போன்றவர்கள் அரை வினாடி நிறுத்திவிட்டுச் சொல்லும் ஒரு சொல்லுக்குத்தான் அரங்கம் அதிரும். அந்த அரை வினாடி மௌனத்தில் 'டிக்' என்று ஒரு கீறல் விழுந்தால் நகைச்சுவையே போய்விடும். எனவே வாங்குவதற்கு முன், முடிந்தால் கடையிலேயே ஓடவிட்டு, பேச்சு நிற்கும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள். பார்ட்டி ரெக்கார்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். மது அருந்தியவர்கள் கூட்டமாக இருந்து, பிடித்த இடத்துக்கு ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடவிட்ட தட்டுகள் அவை. குறிப்பிட்ட ஒரு துணுக்கு மட்டும் தேய்ந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கு எது பிடித்தது என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

விற்பவர்கள் நிலையைத் தர வரிசையில் சொல்வார்கள்: மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட். கடைசியில் வரும் 'குட்' என்பதை நம்பி ஏமாறாதீர்கள். அந்தத் தரத்தில் உள்ள தட்டு கணிசமாகத் தேய்ந்து கரகரக்கும். பேச்சுத் தட்டுக்கு வெரி குட் பிளஸ்ஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது. வேறு பிரதியே கிடைக்காத அரிய தட்டென்றால் எந்த நிலையிலும் வாங்கலாம். உறைக்குத் தனியாகவும் தட்டுக்குத் தனியாகவும் தரம் எழுத வேண்டும்.

உள்ளே வந்த உபரிப் பொருள்களும் தட்டின் பகுதிதான். சீச் அண்ட் சாங் இரட்டையரின் 'பிக் பாம்பூ' 1972இல் வந்தபோது, சிகரெட் சுற்றும் காகிதத்தைப் பிரம்மாண்ட அளவில் செய்து உறைக்குள் வைத்திருந்தார்கள். பெரும்பாலான பிரதிகளில் அந்தக் காகிதம் இப்போது காணாமல் போயிருக்கும். அது இருந்தால் மதிப்பு ஏறும். இல்லையென்றால் இல்லை என்று பட்டியலில் எழுதிவிடுங்கள்.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டுகளைப் புத்தகம் போல் நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தாலோ சாய்த்து வைத்தாலோ வளைந்துவிடும். பழைய காகித உள்ளுறையைத் தூக்கி எறியாமல் தனியே பத்திரப்படுத்தி, தட்டைப் பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊர்களில் பூஞ்சைதான் முதல் எதிரி. காற்றோட்டமும் ஈரப்பதக் கட்டுப்பாடும் இல்லாத மூடிய அலமாரி ஆபத்து. அரக்குத் தட்டை ஒருபோதும் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். துடைத்த இடத்தில் குரலே அழிந்துபோகும். அரக்குத் தட்டுக்கும் எல்பிக்கும் ஊசியும் வேறு. பழைய தட்டின் பள்ளம் அகலம், எல்பியின் பள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்கு. எல்பி ஊசியால் 78 சுற்றுத் தட்டை ஓட்டினால் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல்தான் வரும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் தட்டே பாழ்.

பட்டியல் எழுதும் கலை

கணினியில் ஒரு விரிதாளோ, நோட்டுப் புத்தகமோ எதுவானாலும் சரி. தட்டை வாங்கிய அன்றே எழுதிவிட வேண்டும். ஒரு தட்டுக்கு எவ்வளவு எழுதலாம் என்பதற்கு நியூஹார்ட்டின் முதல் தட்டையே எடுத்துக்கொள்வோம்.

கலைஞர், தலைப்பு, நிறுவனம் ஆகியவை அட்டையிலேயே இருக்கும். அடுத்து நிறுவனத்தின் எண்: மோனோ (ஒற்றைத்தட ஒலி) பிரதியில் டபிள்யூ 1379, ஸ்டீரியோ (இரட்டைத்தட ஒலி) பிரதியில் டபிள்யூஎஸ் 1379. வெளியான ஆண்டு 1960. பதிவான இடம் ஹூஸ்டன், டைட்லேண்ட்ஸ் விடுதி. பதிவான மாதம் 1960 பிப்ரவரி. வெளியான தேதியையும் பதிவான தேதியையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். பிறகு துணுக்குகள்: லிங்கனும் விளம்பரக்காரரும், நீர்மூழ்கிக் கப்பல் கேப்டனின் பிரியாவிடை உரை, ரைட் சகோதரர்களின் விமானத்தைச் சந்தைப்படுத்துவது, சோவியத் தலைவர் குருஷ்சேவ் வருகைக்கான ஒத்திகை, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், பேஸ்பால் விளையாட்டைக் கண்டுபிடித்தவர் என ஆறு. ஒவ்வொன்றின் நீளம், அதன் வடிவம், அதில் வரும் நடப்புச் செய்தி ஆகியவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள். குருஷ்சேவ் 1959இல் அமெரிக்கா வந்தார் என்ற தகவல் இல்லாமல் நான்காவது துணுக்கைக் கேட்கும் இன்றைய பிள்ளைகளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியாது. எனவே இந்தக் கடைசிக் கட்டம்தான் என் பட்டியலில் நீளமானது.

அதன்பின் தட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் முடிந்து, லேபிள் தொடங்குவதற்கு முன் ஒரு வெற்று வளையம் தெரியும். அதில் மிக நுண்ணியதாக எண்களும் எழுத்துகளும் பொறித்திருப்பார்கள். எந்த மூல அச்சிலிருந்து இந்தப் பிரதி வந்தது என்பதற்கான அடையாளம் அது. அட்டை மாறிப் போயிருக்கலாம், லேபிளில்கூடத் தவறு இருக்கலாம். இந்தப் பொறிப்புதான் கடைசி ஆதாரம். இரு பக்கத்துப் பொறிப்பையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுங்கள்.

இங்கிலாந்தின் மான்டி பைத்தான் குழுவினர் 1973இல் வெளியிட்ட 'மேட்சிங் டை அண்ட் ஹேண்ட்கர்ச்சீஃப்' தட்டில் இந்த வளையத்தை மட்டும் அல்ல, முழுத் தட்டையுமே உற்றுப் பார்க்க வேண்டும். அதன் ஒரு பக்கத்தில் ஒரு பள்ளத்துக்குப் பதில் இரண்டு பள்ளங்கள் இணையாகச் சுருண்டு போகின்றன. ஊசி எந்தப் பள்ளத்தில் விழுகிறதோ அதற்கேற்ப வேறு வேறு நிகழ்ச்சி கேட்கும். நேற்றுக் கேட்டது இன்று அந்தத் தட்டில் இல்லை என்று வாங்கியவர்கள் திகைத்தார்கள். போதாக்குறைக்கு இரண்டு பக்க லேபிளிலும் 'இரண்டாம் பக்கம்' என்றே அச்சிட்டார்கள். பின்னர் வந்த சில மறுபதிப்புகளில் இரட்டைப் பள்ளம் கிடையாது, வரிசையாக ஓடும். ஆகவே இந்தத் தலைப்பு உங்களிடம் இருந்தால், மூன்று 'பக்கங்கள்' என்று பட்டியலில் எழுதுவதா இரண்டு என்று எழுதுவதா என்பதை ஊசியை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஒரே தலைப்பு என்றால் ஒரே பதிவு என்று நினைத்துவிடுவது தொடக்கநிலையில் எல்லோரும் செய்வது. ஃபிளாண்டர்ஸ் அண்ட் ஸ்வான் இரட்டையரின் 'அட் த டிராப் ஆஃப் எ ஹேட்' நிகழ்ச்சியை மோனோவில் 1957இல் பதிந்தார்கள். ஸ்டீரியோ தட்டோ 1959இல் அந்த நிகழ்ச்சி லண்டனில் நிறைவுற்ற இரவில் பதிந்தது. அட்டையில் அதே பேர், அதே பாட்டுகள். ஆனால் கேட்டால் வேறு இரவு, வேறு பார்வையாளர், இடையிடையே பேசுவதும் வேறு. மோனோவுக்கும் ஸ்டீரியோவுக்கும் ஒலித்தரத்தில் மட்டும்தான் வேறுபாடு என்று எண்ணி ஒன்றை விற்றவர்கள், ஒரு முழு நிகழ்ச்சியையே இழந்தார்கள். டாம் லேரரின் முதல் தட்டும் இப்படித்தான்: 1953இல் தாம் பாடியதையே 1966இல் ரெப்ரைஸ் நிறுவனத்துக்காக முழுதாகத் திரும்பவும் பாடிப் பதிந்தார்.

மார்ட் சாலின் 'அட் சன்செட்' வேறு விதச் சிக்கல். 1955இல் கலிபோர்னியாவில் பதிந்ததை ஃபேன்டசி நிறுவனம் அவருடைய அனுமதி இல்லாமல் 1958இல் வெளியிட்டது. இன்றைய மேடைப் பேச்சு நகைச்சுவையின் மிகப் பழைய தட்டு இது என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வெளியான ஆண்டை மட்டும் எழுதிவைத்திருந்தால் அந்த முதலிடம் நம் பட்டியலில் தெரியாமலே போய்விடும். நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரின் 1974ஆம் ஆண்டு ஆல்பம் முதலில் ஸ்டாக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமான பார்ட்டீயில் வந்தது. ஸ்டாக்ஸ் நொடித்தபின் அதே பதிவு ரெப்ரைஸ் பேரில் வந்தது. இதற்கிடையே லாஃப் ரெக்கார்ட்ஸ், தன்னிடம் கிடந்த பிரையரின் பழைய ஒலிநாடாக்களை வெட்டி ஒட்டிப் புதுப்புது ஆல்பங்களாக ஆண்டுக்கணக்கில் விற்றது. புதிய அட்டை, புதிய தலைப்பு, உள்ளே அதே பழைய துணுக்கு. துணுக்கு வாரியாகப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இது பிடிபடும்.

இணையத்தில் டிஸ்காக்ஸ் என்ற தளம் 2000ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. மின்னிசைத் தட்டுகளுக்காகத் தொடங்கியது. இப்போது எல்லா வகைத் தட்டுகளுக்கும் பயனர்களே விவரம் சேர்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பதிப்புக்கும் தனிப் பக்கம் உண்டு. அவை எல்லாவற்றையும் தொகுக்கும் 'மாஸ்டர்' பக்கமும் உண்டு. நகைச்சுவைத் தட்டுகளை 'இசை அல்லாதவை' என்ற பிரிவின் கீழ் தேட வேண்டும். உங்கள் தட்டின் பொறிப்பு எண்ணை அங்கே உள்ளதோடு ஒப்பிட்டு, சரியான பதிப்பைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். அட்டைப் படம் ஒத்துப்போகிறது என்பதற்காக முதல் பக்கத்திலேயே நின்றுவிடாதீர்கள்.

சங்கடமானவற்றை என்ன செய்வது

பழைய நகைச்சுவையில் இனத்தை, மொழியை, பெண்களைக் கேலி செய்வது ஏராளம். மனம் புண்படும் இடங்கள் வரும். அத்தகைய தட்டைப் பட்டியலிலிருந்து நீக்குவதை நான் ஏற்பதில்லை. பூசி மெழுகி எழுதுவதையும் ஏற்பதில்லை. தட்டில் என்ன இருக்கிறதோ அதை நேராக எழுதுங்கள். கேட்பவருக்கு முன்கூட்டித் தெரியும்படி ஒரு வரி போதும். எது யாரைச் சிரிக்கவைத்தது, எது யாரைக் கோபப்படுத்தியது என்பதும் வரலாறுதான். அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லின் 1972, 1973ஆம் ஆண்டுத் தட்டுகளில் தொலைக்காட்சியில் சொல்லக் கூடாத ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பேசினார். 1973 அக்டோபரில் நியூயார்க் வானொலி நிலையம் ஒன்று அதைப் பட்டப்பகலில் ஒலிபரப்ப, ஒரு நேயர் புகார் எழுத, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1978இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒலிபரப்புக் கட்டுப்பாட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அமெரிக்க ஒலிபரப்புச் சட்டத்தைப் படிப்பவர்கள் இன்றும் ஒரு நகைச்சுவைத் தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கணினிக்கு மாற்றும்போது

தேயும் தட்டை ஒரு முறை நல்ல ஊசியில் ஓடவிட்டுக் கணினியில் பதிந்துவைப்பது அவசியம். மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். பொறுங்கள். அந்த மென்பொருள் கைதட்டலையும் தூரத்துச் சிரிப்பையும் இரைச்சல் என்று எண்ணி அரித்துவிடும். மேசையில் கண்ணாடிக் குவளை உரசும் ஓசை, பின்வரிசையில் தாமதமாக ஒருவர் சிரிப்பது, பேசுபவர் மைக்கை விட்டு விலகி மூச்சு வாங்குவது எல்லாம் அந்த அறையின் அடையாளங்கள். திருத்தாத மூலக்கோப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொண்டு, வேண்டுமானால் அதன் நகலில் சுத்தம் செய்யுங்கள். பேச்சில்லாத இடைவெளிகளை வெட்டிச் சுருக்கவே கூடாது.

பதிந்ததைப் பொதுவில் ஏற்றுவதற்கு உரிமைச் சட்டம் பார்க்க வேண்டும். 2018இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி, 1923க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 அன்று பொதுவுடைமையாகின. 'கோஹன் ஆன் த டெலிபோன்' அதில் அடக்கம். 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதிவரை வந்தவற்றுக்கு 2067வரை பாதுகாப்பு உண்டு. நியூஹார்ட்டும் மீடரும் அந்தக் கணக்கில் வருகிறார்கள். அவற்றை உங்கள் சொந்தக் கேட்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்க மூன்று தட்டுகள் போதும் என்பேன். நியூஹார்ட்டின் முதல் தட்டு ஒன்று. அடுத்தது 'ஃபர்ஸ்ட் ஃபேமிலி'. மலிவாகக் கிடைப்பதால் பட்டியல் எழுதிப் பழக ஏற்றது. மூன்றாவதாக, நீங்கள் கேள்வியே பட்டிராத ஏதோ ஓர் ஊர் விடுதிக் கலைஞரின் சொந்த வெளியீடு. முதல் இரண்டுக்கும் இணையத்தில் தகவல் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் பட்டியல் சரியா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு ஒப்பிட எதுவும் அகப்படாமல் போகலாம். பின் அட்டையில் உள்ள விடுதி பேர், முகவரி, அச்சகத்தின் பேர், வளையத்துப் பொறிப்பு, பேச்சில் வரும் உள்ளூர்ச் செய்திகள் ஆகியவற்றை வைத்து ஆண்டைக் கணித்து, எதை வைத்துக் கணித்தீர்கள் என்பதையும் எழுதி, டிஸ்காக்ஸில் புதிய பக்கமாக ஏற்றிவிடுங்கள்.